முகம் பார்த்துப் பேசுவோம்

(ஜார்ஜ் டவுனில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி இங்கு வந்தேன். 1985-ல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை துரைக்கும் தொழிலாளிக்கும் அதுவே வழி. அருகில் நிற்பவரிடம், "எந்தத் தோட்டம்? என்ன சேதி?" என்று கேட்பது வழக்கம் எனப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று 13.5 கிலோமீட்டர் பாலத்தைச் சில நிமிடங்களில் கடக்கிறோம். நேரம் மிச்சம்தான். ஆனால் பக்கத்து வண்டியில் போகிறவர் யாரென்று தெரியாது. 2021 முதல் பெர்ரி கார்களை ஏற்றுவதும் இல்லை.

தோட்டத்திலும் இதே கதைதான். சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் வரிசை நிற்கும். கணக்கில் குறை இருந்தால் அங்கேயே பேச்சு எழும். பத்துப் பேர் காதில் விழும். இப்போது சம்பளம் பேங்கிற்குப் போகிறது. குறை இருந்தால் தொழிலாளி தனியே நின்று மிஷினின் முகத்தைப் பார்க்கிறார்.

விஞ்ஞானத்தை நான் பழிக்கவில்லை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம்மை இணைத்தது கைப்பேசிதானே! வங்காளதேசத்திலிருந்து வந்த தோழர் தம் தாயின் முகத்தை அதில்தான் காண்கிறார்.

ஆனால் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒழுகும் கூரைகளுக்குப் பட்டியல் எடுத்தோம். நான் வாட்ஸ்அப்பில் அறிவித்தேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மழைக்காலத்தில் ஒரு நாள் கடைசி லயத்துக்குப் போனேன். மரம் வெட்டியே முதுகு வளைந்த ஓர் அம்மா, வீட்டுக்குள் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா பேர் கொடுக்கல?" என்றேன்.

"முன்னெல்லாம் பெரட்டுல சொல்வீங்க தம்பி, காதுல விழும். இப்ப போன்ல சொல்றீங்க. எங்கிட்ட ஏது போனு?" என்றார்.

தலை குனிந்தேன். அந்த மழைக்காலம் முழுதும் அவர் நனைந்தது என்னால்தான்.

தோழர்களே! செய்தியைக் கைப்பேசியில் அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது லயம் லயமாக நடந்து போங்கள். திண்ணையில் உட்காருங்கள். பதில் வராத வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள். சங்கம் என்பது பெயர்ப் பட்டியல் அன்று. ஒருவர் முகவாட்டத்தை மற்றவர் கண்டுகொள்வதே சங்கம்.