முன்னோர் நிலத்தை என் செய்வது?

(சிற்றூர்த் தமிழ்மன்றம் ஒன்றன் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியச் சுவை கேட்க வந்த உங்கள்முன் இன்று நிலத்தைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். இங்கமர்ந்துள்ளோரில் பெரும்பாலோர்க்குத் தந்தைவழியிலோ தாய்வழியிலோ ஒரு துண்டு நிலமேனும் வந்திருக்கும். அதனை விற்பதா, வைத்திருப்பதா, அதன் உண்மை மதிப்புத்தான் என்ன என்னும் வினாக்கள் பல குடும்பங்களில் உறக்கத்தைக் கெடுத்துக் கொண்டிருக்கின்றன. என் குடும்பத்தில் நிகழ்ந்ததையே கூறுகின்றேன். அதில் என் பிழையும் உண்டு. அதனை மறைக்கப் போவதில்லை.

காவிரியின் கடைமடைப் பகுதியில் எங்கட்கு நன்செய் நிலம் உண்டு. என் பாட்டனார் வாங்கியது, எந்தையார் உழுவித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் எந்தையார் மறைந்தார். அவர்க்கு மக்கள் மூவர்: யான், என் இளவல், என் தங்கை. இளவல் சென்னையில் பணி செய்பவன். "அண்ணா, தண்ணீர் வராத நிலத்தைக் கட்டிக் கொண்டு அழுவதேன்? மனைப்பிரிவு போடுவோர் கேட்கின்றனர். விற்றுவிடுவோம்" என்றான். யானும் அரைமனத்தோடு இசைந்தேன்.

விலை கேட்டோம். அரசின் வழிகாட்டி மதிப்பு ஒன்று கூறிற்று. தரகர் அதைப்போல் இருமடங்கு கூறினார். பக்கத்து வயற்காரரோ தரகர் கூறியதில் பாதிதான் பெறும் என்றார். ஒரே மண்ணுக்கு எப்படி இத்தனை விலை? வழிகாட்டி மதிப்பு, முத்திரைக் கட்டணம் கணக்கிட அரசு வைத்துள்ள அளவுகோல். தரகர் கூறியது, வயல் மனையானபின் வரக்கூடும் என அவர் எண்ணும் விலை. வயற்காரர் கூறியதோ விளைச்சலை எண்ணிக் கூறிய விலை. இம்மூன்றும் வேறுவேறு வினாக்களுக்கான விடைகள். இதனை உணராமல் பெரிய எண்ணைக் கேட்டு மயங்குவோரே பலர்.

அடுத்து ஆவணத்தைத் தேடினோம். பாட்டனாரின் விலையாவணம் ஒரு தகரப் பேழைக்குள் கிடைத்தது. கல்லூரியிற் பயிலும் என் மகன் அதனை எடுத்து, "அப்பா, நிலத்தின் அளவு 'யஉ' என்று போட்டிருக்கிறதே, என்ன?" என்றான். அன்பர்களே! அவை எழுத்துகள் அல்ல. ௰௨ என்னும் தமிழெண்கள். பன்னிரு மா என்பதே அதன் பொருள். தமிழ்ப் புலவன் வீட்டுப் பிள்ளைக்கே தமிழெண் தெரியவில்லை என நாணினேன். இருபது மா ஒரு வேலி. தஞ்சை அளவில் ஒரு மா ஏறத்தாழ 33 செண்ட். ஆக, பன்னிரு மா என்பது ஏறத்தாழ 4 ஏக்கர்.

ஆனால் இன்றைய பட்டாவில் 1.50 ஹெக்டேர் என்றே உள்ளது. கணக்கிட்டால் 3 ஏக்கர் 71 செண்ட்தான். எஞ்சிய 29 செண்ட் எங்கே? 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடைபெற்றது. அக்காலத்துப் பிழைகள் இன்றும் பல ஊர்களில் திருத்தப் பெறாமல் உள்ளன. நில அளவரைக் கொண்டு அளந்தபோது, எங்கள் வரப்புக்கு உட்பட்ட ஒரு பகுதி அண்டையார் பெயரில் உட்பிரிவாகியிருப்பது தெரிந்தது. திருத்தம் வேண்டி வருவாய்த் துறைக்கு எழுதியுள்ளோம். பட்டா என்பது வருவாய்ப் பதிவே. அதுவே முழுவுரிமைக்கு முடிந்த சான்றாகிவிடாது. வில்லங்கச் சான்றும் பதிவான ஆவணங்களையே காட்டும். வாய்மொழி உடன்பாடுகளைக் காட்டாது.

எங்கள் நிலத்திலும் அத்தகைய வாய்மொழி உடன்பாடு ஒன்று இருந்தது. பெரியவர் ஒருவர் இருபதாண்டுகளாக அதனைக் குத்தகைக்கு உழுது வருகின்றார். தரகர், "அவரை வெளியேற்றித் தாருங்கள்" என்றார். உழுகுடியினரை நினைத்தவாறு வெளியேற்ற இயலாதவாறு 1955-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் தனிச்சட்டமும் வந்தது. சட்டம் கிடக்கட்டும். வறண்ட ஆண்டுகளிலும் அம் மண்ணைத் தரிசாக விடாது காத்த கைகளுக்கு நாம் கூறும் மறுமொழி அதுதானா?

நீரையும் எண்ணிப் பார்த்தோம். மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்கப் பெறுவதே வழக்கம். திறவாத ஆண்டுகள் பலவற்றையும் கண்டுவிட்டோம். 2007-இல் நடுவர் மன்றம் 19,200 கோடிக் கன அடி நீர் எனத் தீர்த்ததை, 2018-இல் உச்ச நயன்மன்றம் 17,725 கோடிக் கன அடியாகக் குறைத்தது. கடைமடை நிலத்தின் மதிப்பு அந்நீரோடு ஏறி இறங்குவது.

இனி, என் பிழைக்கு வருகின்றேன். தங்கையின் பங்கை விட்டுத்தருமாறு விடுதலை ஆவணம் ஒன்றை இளவல் எழுதி வந்தான். "திருமணத்தின்போது சீர் செய்தாயிற்றே" என்றான். யானும் வாய்திறவாது உடன் சென்றேன். தங்கை எங்கட்குச் சோறிட்டாள். பின்னர், "ஒப்பமிடுகிறேன் அண்ணா, என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றாள். படிக்கத் தொடங்கினேன். 'எனக்கு யாதோர் உரிமையும் இல்லை' என்னும் தொடர் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. முப்பதாண்டுகளாக வகுப்பறையிலும் மேடையிலும் பெண்ணின் பெருமை பேசிய நா அது!

பெண்ணுக்கும் உடைமையில் சமவுரிமை வேண்டும் என 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பியக்க மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டுகட்குப் பின் 1989-இல் தமிழ்நாடு, அந்நாளில் மணமாகாதிருந்த மகளிர்க்குக் குடும்பவழி உடைமையில் மகனுக்கு நிகரான பங்கைச் சட்டமாக்கியது. 2005-இல் நடுவணரசு அவ்வுரிமையை மகளிர் அனைவர்க்கும் விரித்தது. அது பிறப்பாலேயே வருவது எனவும், அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லை எனவும் 2020-இல் உச்ச நயன்மன்றம் தெளிவாக்கியது. 2004 திசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பங்கு பிரிப்புகளை மட்டும் அது கலைக்காது. என் தங்கைக்கு மணமானது 1994-இல். ஆகவே 1989-லேயே அவள் உரிமை உறுதியாகிவிட்டது. நாங்கள் அவளுக்குக் கொடுக்க ஏதுமில்லை. எடுத்துக் கொள்ளாதிருந்தாற் போதும்.

அவ்வாவணத்தை அங்கேயே கிழித்தோம். பன்னிரு மாவை மூவர்க்கும் நான்கு மாவாகப் பிரித்துப் பதிந்தோம். வரப்புச் சிக்கல் தீருங்கால் வரும் இழப்போ பேறோ மூவர்க்கும் ஒப்பப் பொது என்றும் எழுதிக் கொண்டோம். இளவலுக்கு மகளின் படிப்புக் கடன் இருந்தது. அவன் தன் நான்கு மாவை உழுகின்ற பெரியவருக்கே, விளைச்சலுக்கேற்ற விலையில், தவணை முறையில் விற்றான். தரகர் சொன்ன தொகை வரவில்லை. கடன் அடையும் அளவுக்கு வந்தது. யானும் தங்கையும் எங்கள் பங்குகளை அவர்க்கே எழுத்து மூலக் குத்தகைக்கு விட்டுள்ளோம்.

விற்பதே பழி என்று யான் கூற வரவில்லை. நோய்க்கும் கல்விக்கும் விற்க நேரும். ஆனால் அளவாது விற்காதீர்கள்; ஆவணம் படியாது விற்காதீர்கள்; உழுவோரிடம் உசாவாது விற்காதீர்கள்; உடன்பிறந்தாளை ஒதுக்கிவிட்டு ஒருநாளும் விற்காதீர்கள். இன்றிரவே உங்கள் வீட்டுப் பேழையைத் திறந்து, பாட்டனார் ஆவணத்தை மக்கள்முன் படித்துக் காட்டுங்கள். தமிழெண்ணையும் அவர்கட்குக் கற்பியுங்கள். மகளையும் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள்.