தென்னேரிக் கரையில் கடல் செய்தி

இன்று நாம் போகும் ஊரில் கடல் கிடையாது. ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால், கடல் செய்தியை மீனவரைப் போலவே காது கொடுத்துக் கேட்கும் ஊர் அது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் பக்கம் இருக்கும் தென்னேரி.

ஊரைவிட ஏரி பெரிது. கரைமேல் ஏறி நின்றால், நிறைந்த காலத்தில் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். பழம்பெயர் திரையனேரி என்பார்கள். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்த மன்னனைக் கடலலை கரைசேர்த்ததாகக் கதை உண்டு. கதை இருக்கட்டும், ஏரிக்குத் தண்ணீர் கடல் வழியாக வருவது நிஜம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்றிரண்டு உருவாகிக் கரைப்பக்கம் நகர்ந்தால் மதகும் உபரிநீர் வழியும் கலங்கலும் உயிர்பெறும். "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வானொலியில் கேட்டதும் இங்கே விவசாயி வரப்பைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

அதே அறிவிப்பு காஞ்சி நெசவாளருக்குக் கசக்கும். விடியற்காலையில் பட்டுப் பாவு நூலைத் தெருநீளத்துக்கு விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாக நீவிக் காயவைக்க வேண்டும். நாலு துளி விழுந்தால் போதும், ஓடிப்போய்ச் சுருட்டுவார்கள். அடைமழையில் குழித்தறியின் குழிக்குள் ஊற்று சுரக்கும். காலை எங்கே வைத்து மிதிப்பது? ஏரி நிறைகிற மாதத்தில் தறி ஓய்ந்துகிடக்கும். ஒரே மழைதான், பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு முகம்.

இந்த மழையின் ஒரு கயிறு பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நடு, கிழக்குப் பசிபிக்கின் நீர் வழக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடாகி மாதக்கணக்கில் நீடித்தால் எல் நினோ. நாட்டின் தென்மேற்குப் பருவத்தை அது பெரும்பாலும் தளர்த்தும். நம் வடகிழக்குப் பருவத்துக்கோ பல நேரம் கைகொடுக்கும். 2015 பலத்த எல் நினோ ஆண்டு. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழை செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். மறு ஆண்டு பசிபிக் குளிர்ந்தது. தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்படியானால் பசிபிக்கைப் பார்த்தே தென்னேரிக்குச் சோதிடம் சொல்லிவிடலாமா? முடியாது. 2021-லும் பசிபிக் குளிர்ந்துதான் இருந்தது. மழையோ கொட்டித் தீர்த்தது. ஆறு மாதத்துக்கு முன்பே அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்தப் பசிபிக்கின் நடுவிலும் நம்மவர் இருக்கிறார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வாரிசுகள். அங்கே நாந்தி என்ற ஊரில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. தென்பசிபிக் தீவுகளுக்குப் புயல் அறிவிக்கும் வானிலை மையமும் அதே நாந்தியில்தான். காற்றின் வேகம், அலையின் உயரம், தூரத்துப் புயலிலிருந்து உருண்டு வரும் பேரலை என்று எல்லாம் அங்கிருந்து சொல்வார்கள். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கியபோது முன்னெச்சரிக்கை இருந்தும் 44 பேர் இறந்தார்கள்.

மீண்டும் நம் ஏரிக்கே வருவோம். தென்னேரிக்கு வர விரும்புகிறவர்கள் டிசம்பர் கடைசியிலோ தையிலோ வாருங்கள். தண்ணீரும் இருக்கும், பறவைகளும் இருக்கும். ஏரிக்கரையோடு கந்தளீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளையும் பாருங்கள். புறப்படும் முன் சென்னை வானிலை மையத்தின் அன்றைய அறிவிப்பைக் கேட்டுவிடுங்கள். கலங்கல் வழிந்தோடும் நாளில் குழந்தைகளை அதில் இறக்கிவிட வேண்டாம். பாசி படிந்த கல், இழுப்பும் அதிகம்.