மால் வரட்டும் தோழர்களே, உட்கார இடம் எங்கே?

(காரைக்குடியில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, கடைசியில ஒரு வேலை இருக்கு.)



2024-ல் நம்ம காரைக்குடி மாநகராட்சி ஆனதுல இருந்து கமெண்ட்ல ஒரே கேள்விதான். "மாநகராட்சி ஆயிடுச்சு, மால் எப்ப?" மீம்ஸும் வந்துக்கிட்டே இருக்கு. கேட்கிறதுல தப்பே இல்ல. பெரிய திரையில ஒரு படம் பார்த்து, நாலு கடை ஏறி இறங்கணும்னா நாம மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறுறோம். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். மதுரை சொக்கிகுளத்துல இருக்கிற விஷால் டி மால்ல ஒரு ஞாயித்துக்கிழமை நின்னா, நம்ம பக்கத்து ஆளுங்க நாலு பேரையாவது பார்த்துடலாம்.

நான் மாலுக்கு எதிரா பேச வரல. அதைத் திட்டுறவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. நமக்கு டீக்கடை பெஞ்சு இருக்கு, பாலத்துச் சுவர் இருக்கு. ஒரு காலேஜ் பொண்ணு தோழியோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இந்த ஊர்ல எங்க இடம் இருக்கு? கடைவீதிக்கு வர்ற ஒரு அம்மாவுக்குச் சுத்தமான கழிப்பறை எங்க இருக்கு? மால்ல அது ரெண்டும் கிடைக்குது. வெயில் இல்ல, "இங்க என்னம்மா வேலை?"ன்னு கேட்க ஆள் இல்ல. பாப்கார்ன் விலையைப் பார்த்தா மட்டும்தான் மயக்கம் வரும்.

ஆனா ஒண்ணை மறந்துடக் கூடாது. மால் பார்க்கத் தெரு மாதிரி இருக்கும், தெரு கிடையாது. அது ஒருத்தரோட சொத்து. வாசல்ல பையைச் சோதிப்பாங்க, வேண்டாம்னு நினைச்சா வெளிய அனுப்புவாங்க. மல்லிகைப்பூ கூடையோட ஒரு பாட்டி உள்ள போய் விற்க முடியாது.

இந்த மால்ங்கற வடிவத்தை வரைஞ்சவர் கதையே சுவாரஸ்யமானது. விக்டர் க்ரூயன், வியன்னாவுல பிறந்த கட்டிடக் கலைஞர். ஹிட்லர் காலத்துல அமெரிக்கா போனவர். 1956-ல் மினியாபொலிஸ் நகரத்துக்குப் பக்கத்துல எடினாங்கற புறநகர்ல சவுத்டேல்னு ஒண்ணைக் கட்டினார். முழுக்க மூடின, உள்ளேயே குளிரும் வெப்பமும் சீராக்கின நவீன மாலுக்கு அதுதான் முன்மாதிரி. அவர் மனசுல இருந்தது வியன்னா வீதிகள். கடைகளைச் சுத்தி வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா எல்லாம் வரணும்னு திட்டம் போட்டார். கட்டினது என்னவோ கடையும் கார் நிறுத்துற இடமும்தான். கடைசியில, இந்த மால்களுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லைன்னு அவரே கைகழுவிட்டார். சொந்த ஊருக்குத் திரும்பிப் போனா, வியன்னாவுக்கு வெளியவும் ஒரு பெரிய மால் வந்து நின்னுச்சு!

சென்னையையும் பாருங்க. ஸ்பென்சர் பிளாசா ஒரு காலத்துல ஊரே கூடின இடம். 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரியில ஃபீனிக்ஸ்னு வரிசையா வந்துச்சு, கூட்டம் அங்க நகர்ந்துடுச்சு. ஒரு மாலை நம்பி கடைவீதியை விட்டுட்டா, அந்த மாலும் டல்லடிக்கிற அன்னைக்கு ஊருக்கு ரெண்டுமே இருக்காது.

நம்ம மண்ணுல இதுக்கு வேற ஒரு பழக்கம் இருந்துச்சு. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையைப் பாருங்க. சொந்தக் காசு, சொந்த நிலம். ஆனா தெருவைப் பார்த்து உட்கார ஒரு இடத்தை விட்டுத்தான் வீட்டையே கட்டினாங்க. ஊருணி வெட்டினதும் அப்படித்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததாலதான் சிக்ரி இங்க வந்துச்சு. 1948-ல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். ரொம்பவும் பெருமை பேச வேண்டாம், அந்தத் திண்ணையில எல்லாச் சாதிக்காரரும் உட்கார முடிஞ்சுதான்னு கேட்டா பதில் நமக்கே தெரியும். மால் சாதி கேட்காது, பர்ஸைக் கேட்கும். ரெண்டும் கேட்காத இடம் நமக்கு வேணும். அதைக் கேட்டு வாங்கச் சட்டமும் இருக்கு.

முதல்ல நிலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகள், 2019 என்ன சொல்லுதுன்னா, 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல இருக்கிற மனையில இந்த மாதிரி கட்டிடம் வந்தா, சாலை போக மீதியில பத்து சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியா எழுதிக் கொடுக்கணும். காசு கட்டித் தப்பிக்க முடியாது. அந்த இடம் மாலோட புல்வெளி இல்ல, ஊரோட பூங்கா. காவலாளி விசில் அடிச்சு எழுப்ப முடியாத பெஞ்சு அங்கதான் வரும்.

அடுத்து தெருவோர வியாபாரிகள். புது மால் வாசல்ல போக்குவரத்து நெரிசல்னு சொல்லி முதல்ல தூக்குறது இளநீர் வண்டியையும் பூக்கடையையும்தான். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிச்சு எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிகளோட பிரதிநிதிகளா இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். மால் வந்தா வேலை கிடைக்கும்னு சொல்றோம். என்ன வேலை? பெரும்பாலும் நின்னுக்கிட்டே பார்க்கிற வேலை. 'அங்காடித் தெரு' படம் 2010-ல் வந்தப்ப தியேட்டர்ல அழுதோம், வெளிய வந்து அதே மாதிரி கடையில துணி எடுத்தோம். 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை கொடுக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்பு கிடைக்கிறப்ப அவங்க உட்காரலாம். கேரளாவுல 2018-லேயே கொண்டு வந்துட்டாங்க. நாளைக்கு வர்ற மாலை விடுங்க, இன்னைக்கு நம்ம ஊர் ஜவுளிக்கடையில எத்தனை மாடியில ஸ்டூல் இருக்கு? காலை கடை திறக்கிறப்ப நின்ன பொண்ணு ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் நிக்குது. அந்தப் பொண்ணு நம்ம சொந்தக்காரப் பொண்ணுதான் தோழர்களே, வேற யாரும் இல்ல.

இப்ப வேலை. இந்த வாரம் ஒவ்வொருத்தரும் உங்க வார்டுல பத்து கடைக்குப் போங்க. துணி, நகை, செல்போன், சூப்பர் மார்க்கெட், எதுவா இருந்தாலும் சரி. ஊழியருக்கு இருக்கை இருக்கா, கழிப்பறை இருக்கா, இது ரெண்டை மட்டும் குறிச்சுக்கங்க. சண்டை போடாதீங்க, வீடியோ எடுக்காதீங்க. ஊழியர் முகமோ பேரோ எங்கயும் வரக் கூடாது, பாவம் அவங்க வேலை போயிடும். லிஸ்ட்டை வார்டு பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. அதை வெச்சு தொழிலாளர் துறைக்கு மனு போடுவோம். திறந்தவெளி நிலத்துக்கும் விற்பனைக் குழுவுக்கும் மாநகராட்சியில தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல தனித்தனியா கேட்போம். பத்து ரூபாய்தான், முப்பது நாள்ல பதில் சொல்லணும். மனு மாதிரிப் படிவம் முதல் கமெண்ட்ல இருக்கு, எடுத்துக்கங்க.