பதினேழாம் நாள் அடுப்பு

(குறிஞ்சிப்பாடியில் நடைபெற்ற கூட்டத்தில் நமது பிரசாரகர் ஒருவர் பேசியது)



இன்று கடவுளைப் பற்றி நாலு வார்த்தை காரமாகப் பேசவேண்டுமென்று வாலிபத் தோழர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். கடவுள் எங்கும் ஓடிவிட மாட்டார். அடுத்த கூட்டத்துக்கும் நமக்கு அகப்படுவார். (சிரிப்பு) போன மாதம் இந்த ஊருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்தேன். அது முதற்கொண்டு வேறெதைப் பற்றியும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அந்த வீட்டைப் பற்றியே பேசுகிறேன்.

செத்தவர் கட்டட வேலைக்காரர். வயது நாற்பது ஆகவில்லை. பெண் ஒன்று, பையன் ஒன்று; இருவரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நான் போன தினம் பதினாறாம் நாள். வாசலில் பெரிய பந்தல். செத்தவருடைய படம் போட்ட பேனர். புரோகிதருக்கு அரிசி, காய்கறி, வேஷ்டி, தட்சணை. சொந்தக்காரர் இருநூறு பேருக்குச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஒரு பெரியவர், “யாரும் ஒரு குறை சொல்ல முடியாமல் நடத்திவிட்டார்கள்” என்று என்னிடம் சொன்னார். உள்ளே அந்த அம்மாள் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, எவ்வளவு ஆயிற்று தம்பி என்று கேட்டேன். “எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ஆயிடுச்சுங்க. மூணு வட்டிக்குத்தான் வாங்கினோம்” என்றார்.

தோழர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நம் சர்க்கார் ஆதரவற்ற விதவைகளுக்கு மாதந்தோறும் கொடுக்கும் பணம் 2023-ஆம் வருஷத்தில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அறுபதாயிரம் என்பது ஐம்பது மாதப் பணம்! நாலு வருஷத்துக்கு மேல் அந்த அம்மாள் வாங்கவேண்டியதை ஒரே மத்தியானத்தில் நாம் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டோம். அதுவாவது போகட்டும். நூற்றுக்கு மூன்று வட்டியென்றால் அறுபதாயிரத்துக்கு மாத வட்டி 1,800 ரூபாய். சர்க்கார் பணம் முழுவதும் வட்டிக்காரனிடம் கொடுத்தாலும் இன்னும் 600 ரூபாய் குறைகிறது. அசல் அப்படியே நிற்கும். அந்தப் பணமும் நாளைக்கே வந்துவிடுகிறதா? மனுப் போட்டு, விசாரணை நடந்து, உத்தரவாகி வரவேண்டும். அதுவரைக்கும் அந்த அடுப்பில் என்ன வேகும்?

முதல் நாள் என்ன செய்வது, மூன்றாம் நாள் என்ன செய்வது, எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்ன செய்வது என்று நம் ஊரில் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பதினேழாம் நாள் என்ன செய்வது என்று எந்தப் புரோகிதரையாவது கேட்டுப் பாருங்கள். அவர் அடுத்த சாவு வீட்டுக்குப் போயிருப்பார்.

நான் இதை யாரோ வீட்டு விஷயமாகப் பேசவில்லை. என் தகப்பனார் தறி நெய்தவர். 1980-களின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாயிருக்கையில் காலமானார். கருமாதிக்குத் தறியை அடகு வைத்தார்கள். தறிதான் எங்களுக்குச் சோறு. அதை அடகு வைத்துச் சோறு போட்டார்கள்! என் பெரியப்பா என் தாயாரிடம், “தம்பிக்கு ஒண்ணும் செய்யாம விட்டுட்டா ஊர்ல நான் எப்படிம்மா தலைகாட்டுறது?” என்றார். அவர் கெட்டவரல்ல. அவரும் கடன் வாங்கித்தான் பணம் கொடுத்தார். பிறகு ஒரு வருஷம் என் தாயார் வாசற்படி தாண்டக் கூடாதென்று கிழவிகள் சட்டம் போட்டார்கள். எதிரே வந்தால் சகுனத் தடையாம். விதவைகளுக்குப் பென்ஷன் கொடுக்கும் திட்டம் இந்த நாட்டில் 1975-லேயே வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவரோ மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். வருஷம் கழிந்து மனுப் போடப் போனபோது, சாவே பதிவாகவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். அதை எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. குற்றம் அந்த ஆபீசில் மட்டும் இருக்கவுமில்லை. முதல் மணியார்டர் வந்தபோது தகப்பனார் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தறி திரும்பவே இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். மிச்சப் படிப்பெல்லாம் என் தாயாருக்காக மனுக்களையும் நோட்டீசுகளையும் எழுத்துக்கூட்டி வாசித்ததில் வந்தது.

நிற்க. இப்போது என்ன செய்வதென்று பார்ப்போம். முதலில் சாவைப் பதிவு செய்யவேண்டும். 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி 21 நாளைக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது. அதற்குமேல் போனால் தாமதக் கட்டணம். ஒரு மாதம் கடந்தால் மேலதிகாரி அனுமதி. ஒரு வருஷம் கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு. பதினாறு நாளைச் சடங்குக்குக் கொடுத்துவிட்டால் பாக்கி எத்தனை நாள்? ஐந்து! ஆகையால் பந்தல்காரனிடம் போகிறவர்களில் ஒருவர் பதிவு செய்யும் இடத்துக்கும் போகட்டும். அந்தச் சான்றில்லாமல் வாரிசுச் சான்று இல்லை. இறப்புச் சான்றில்லாமல் பேங்கு, இன்ஷூரன்ஸ், சேமநிதி ஒன்றுமே அசையாது.

அடுத்தது, செத்தவருடைய பேங்குப் புத்தகம். அதைப் பெட்டியில் வைத்துக் கும்பிட வேண்டாம். பதிவு போட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி என்கிற ஆயுள் இன்ஷூரன்ஸ். எப்படிச் செத்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக்கு. அதுவும் இரண்டு லட்சம். பிடிக்கிறபோது யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லுவதில்லை. கொடுக்கிறபோதும் நாம் கேட்காமல் சொல்லமாட்டார்கள். அந்தக் கட்டட வேலைக்காரருடைய புத்தகத்தில் அந்த 436 இருந்தது! பதினாறு நாளாக அது அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. லட்சுமி படத்துக்குப் பின்னால். (சிரிப்பு)

நெய்வேலிக்குக் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்களானால் வீட்டில் சொல்லி வையுங்கள். வேலையிலிருக்கும்போது இறந்தால் 1995-ஆம் வருஷத் திட்டப்படி மனைவிக்கு மாதம் ஆயிரத்துக்குக் குறையாத பென்ஷனும், இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரையில் தனிப் பென்ஷனும் உண்டு. அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் ஒன்றும் இருக்கிறது. அது சில லட்சம். கட்டட வேலைக்காரருக்கு நல வாரியம் இருக்கிறது; பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும். நெசவாளருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சேமிப்புப் பணம் இருக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள வீட்டில் சம்பாதிக்கிறவர் அறுபது வயதுக்கு முன் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் உண்டு. தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புக்கென்று இருக்கும் தனி வட்டாட்சியரிடம் விதவைப் பென்ஷன் மனுவோடு இதையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தகப்பனில்லாத குழந்தைகளைத் தாய் வளர்த்தால், குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கும் ஏற்பாடொன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறது. கிராமத்தில் வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. கேட்ட எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை; கேட்காதவருக்கோ கிடைக்கவே கிடைக்காது.

இவையெல்லாம் வருகிற வரைக்கும்? ரேஷன் அரிசிக்கு 2011 முதல் விலையில்லை. பள்ளிக்கூடத்தில் 1982 முதல் மத்தியானச் சத்துணவு; சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் 2023 முதல் காலையிலும் சாப்பாடு. ஆகவே துக்கத்தைச் சொல்லிக் குழந்தைகளை மாதக்கணக்கில் வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். பெண்களுக்குச் சாதாரணப் பஸ்ஸில் 2021 முதல் டிக்கட்டில்லை. ஆபீசுக்குப் போய்வரக் காசில்லை என்ற தடை நீங்கிவிட்டது. எதிரே வந்தால் சகுனம் என்கிற தடைதான் பாக்கி. அதை நீக்கச் சர்க்கார் வேண்டியதில்லை, நீங்களே போதும்.

கடனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சாவு வீட்டுக்கு மூன்றாவது நபராக வருகிறவன் கடன்காரன். “அப்பன் கடனைப் பிள்ளை தீர்க்காவிட்டால் அப்பனுக்கு நரகம்” என்பான். இது வெறும் பழமொழியல்ல, தோழர்களே! இந்து சட்டத்தில் இது புண்ணியக் கடமை என்கிற பேரால் கோர்ட்டிலே செல்லுபடியாகிக் கொண்டிருந்தது. எந்த வருஷம் வரைக்கும் தெரியுமா? 2005 வரைக்கும்! ஆகாயத்தில் ராக்கெட் விட்ட பிறகும், பிள்ளை கடன் கட்டாவிட்டால் அப்பனுக்கு நரகமென்று கோர்ட்டில் வாதாட இடமிருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்த வாரிசுச் சட்டத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இன்றைக்குச் செத்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. மனைவி தானும் கையெழுத்துப் போட்டிருந்தால் சங்கதி வேறு. ஆனால் வாரக்கடன் கம்பெனிகள் பலவற்றில் கடனோடு இன்ஷூரன்ஸும் சேர்த்தே பிடித்திருப்பார்கள். புருஷன் இறந்தால் பாக்கி தள்ளுபடியாகும். கேட்டுப் பாருங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

இதுவரை செத்தவன் மனைவியைப் பற்றிச் சொன்னேன். விட்டுவிட்டு ஓடியவன் மனைவி பாடு இதைவிட மோசம். செத்தால் சான்று கிடைக்கும். ஓடினால் என்ன சான்று? கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986-இல் பென்ஷன் திட்டம் வந்தது. முப்பது வயதாகியிருக்க வேண்டும். விவாகரத்தோ பிரிந்து வாழ்வதற்கான கோர்ட் சான்றோ வேண்டும். அதில்லாவிட்டால் அவன் போய் ஐந்து வருஷமாகியிருக்க வேண்டும். ஐந்து வருஷம் ஒரு பெண்ணும் குழந்தைகளும் எதைச் சாப்பிடுவார்கள் என்று நியாயமாகவே கேட்கவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் பென்ஷனுக்காகக் காத்திராமல் ஜீவனாம்சத்துக்கு மனுப் போடவேண்டும். முன்பு 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 144. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்; எதிரிக்கு நோட்டீஸ் சேர்ந்து 60 நாளைக்குள் கூடுமானவரை அதைத் தீர்மானிக்கவேண்டுமென்று சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்றால், 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்ட உதவி இலவசம்.

பெண்டாட்டியை இழந்த ஆணைப் பற்றிப் பேசவில்லையே என்று பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார். அவரை யாரும் மூலையில் உட்கார்த்துவதில்லை. முப்பதாம் நாள் பெண் பார்க்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்! அதே குழந்தைகளைப் பார்க்கப் பெண்ணுக்கு மட்டும் ஆள் வேண்டாமா? விதவைகள் மறுமணத்தையும் பெண்களுக்குச் சொத்துரிமையையும் 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் நாம் தீர்மானமாக நிறைவேற்றினோம். சட்டம் வந்துவிட்டது, 1975 முதல் விதவை மறுமணத்துக்குச் சர்க்கார் உதவிப் பணமும் உண்டு. வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் கிழவிதான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“நாத்திகன் பேச்சை நாங்கள் கேட்கமாட்டோம்” என்று சிலர் சொல்லலாம். நல்லது; என் பேச்சைக் கேட்கவேண்டாம். பக்கத்து வடலூரில் 1867-இல் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமசாலை அடுப்பை எல்லோரும் அறிவீர்கள். தைப்பூசத்துக்கு வருஷந்தவறாமல் போகிறீர்கள். அந்த இராமலிங்கர் ஆண்டவனை நம்பியவர், நான் நம்பாதவன். ஆனால் அவரே, புருஷன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்கவேண்டாம், கருமாதி திதி ஒன்றும் செய்யவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஜோதிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற கைகள் இந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்கவில்லை? இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறீர்கள்?

துக்கத்துக்கு வரவேண்டாம், ஆறுதல் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மாலையும் கோடிப்புடவையும் வாங்குகிற பணத்தை மட்டும் அந்த அம்மாள் கையில் கொடுங்கள். மாமன், மச்சான், பங்காளி என்று பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மாதம் மளிகை ஏற்றுக்கொண்டால் பத்து மாதம் ஓடிவிடும். அதற்குள் மனுக்கள் ஒவ்வொன்றாய்த் தீர்மானமாகும். மூன்று வட்டிக்குப் போகவேண்டிய அவசியமே வராது. என் பெரியப்பா இன்று உயிரோடில்லை. இருந்தால் இதற்கு அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அன்று யாரும் இப்படிச் சொல்லவில்லை.

நான் சொன்ன அந்த அம்மாள் போன வாரம் தன் தம்பியோடு இ-சேவை மையத்துக்கு வந்து மனுப் போட்டுவிட்டார். முப்பத்தொன்பதாம் நாள். தெருவில் இரண்டு கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். பேங்கிலும் காகிதம் கொடுத்தாயிற்று. இங்கே இன்னும் மூன்று பேர் இப்படி இருப்பதாகத் தலைவர் சீட்டுக் கொடுத்திருக்கிறார். கூட்டம் முடிந்த பிறகு நான் இந்தப் பந்தலிலேயே இருப்பேன். இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், பேங்குப் புத்தகம் எது கையில் இருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள். இல்லாதது எதுவென்று பார்த்துச் சொல்லுகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் சந்திப்போம்.