பிரேக் கட்டையும் பற்றுச்சீட்டும்

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. பதுளை டவுனோ 700 மீற்றருக்கும் கீழே. ஹாலிஎல வழியாக சைக்கிளில் வருகிறவர் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால், ரிம் சூடேறி, கட்டையின் ரப்பர் வேகமாகத் தேயும். அதனால் நம்ம பக்கம் சைக்கிள் திருத்துகிற பாஸின் கையில் ஓர் உயிரே இருக்கிறது.

2022 ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றானபோது, மூலையில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. அப்போதுதான் நல்ல கடை எது என்று பலருக்கும் விளங்கியது. நல்ல பாஸ் முதலிலேயே விலையைச் சொல்வார். கழற்றிய பழைய சாமானைக் கையில் தருவார். சில இடங்களில் "நாளைக்கு வாங்க" என்றே இழுத்தடிப்பார்கள். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இந்த அலைக்கழிப்பைச் சின்ன விஷயமென்று என்னால் விட முடியவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டும். வேலையையும் உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்யவேண்டும். முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அதற்கு முன், கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி, சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சில்லு உருண்டால், அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.