அச்சமும் காப்புறுதியும்

நோய் எப்போது வரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆனால் நோய் வந்தால் உண்டாகும் செலவுக்கு முன்கூட்டி வழிசெய்து வைக்கலாம். காப்புறுதி என்னும் ஏற்பாடு இவ்வெண்ணத்திலிருந்தே பிறந்தது. இலங்கையில் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோயாளர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு வைத்தியச் செலவின் பெரும்பங்கு காப்புறுதியினாலேயே தீர்க்கப்படுகின்றது. அந்நாட்டில் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலர் எதிர்நோக்கும் ஒரு கேள்வி உண்டு. வழக்கமான வைத்தியக் காப்புறுதி இருக்கும்போது, புற்றுநோய்க்கென்று மேலதிகமாக இன்னொரு காப்புறுதியும் வாங்கவேண்டுமா?

இத்தகைய காப்புறுதி நேற்றுத் தோன்றியதன்று. ஜோர்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஏமஸ் சகோதரர் மூவர் 1955 ஆம் ஆண்டில் நிறுவிய கம்பனி, 1958 ஆம் ஆண்டில் புற்றுநோய்க் காப்புறுதியை விற்கத் தொடங்கியது. 'மெடிக்கேர்' எனப்படும் முதியோருக்கான அரசாங்கத் திட்டம் அப்போது இருக்கவில்லை. அதற்கான சட்டம் 1965 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. இன்று அஃப்லாக் என அறியப்படும் அக்கம்பனி 1974 இல் யப்பானிலும் இக்காப்புறுதியை அறிமுகஞ் செய்தது.

வழக்கமான காப்புறுதி வைத்தியசாலைக்கும் வைத்தியருக்கும் பணம் செலுத்துவது. புற்றுநோய்க் காப்புறுதியின் பணமோ பெரும்பாலும் காப்புறுதி செய்தவர் கைக்கே வரும். நோய் உறுதிப்பட்டவுடன் ஒரு தொகையை ஒரே முறையில் கொடுப்பது ஒருவகை. வைத்தியசாலையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று வரையறுத்துக் கொடுப்பது மற்றொரு வகை. கிடைக்கும் பணத்தை வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் செலவிடலாம்.

ஆயினும் வாங்குமுன் பார்க்கவேண்டியது, ஏற்கெனவே உள்ள காப்புறுதி எவ்வளவைத் தாங்கும் என்பதே. 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2014 முதல் பெரும்பாலான வைத்தியக் காப்புறுதிகளில் நோயாளர் ஓராண்டில் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025 ஆம் ஆண்டில் அது தனியொருவருக்கு 9,200 டொலர். குடும்பத்துக்கு 18,400 டொலர். திட்டத்தில் சேர்ந்த வைத்தியர்களிடம் பெறும் சிகிச்சைக்கே இவ்வரம்பு பொருந்தும். மேலும், காப்புறுதி ஆண்டு மாறியதும் கணக்குப் புதிதாகத் தொடங்கும். ஆண்டின் கடைசி மாதங்களில் நோய் கண்டு, சிகிச்சை அடுத்த ஆண்டுக்கும் நீடிக்குமாயின், இரண்டு ஆண்டுகளின் தொகையையும் கொடுக்கவேண்டி நேரலாம்.

உதாரணமாக, ஒஹையோ மாநிலத்தில் வாழும் நாற்பத்தைந்து வயதுப் பேருந்துச் சாரதி ஒருவரைக் கொள்க. குடும்பத்தின் வருவாய் அவருடையதே. புற்றுநோய்க் காப்புறுதிக்கு அவர் மாதம் 40 டொலர் கட்டுவதாயின், ஆண்டுக்கு 480 டொலர்; அறுபத்தைந்து வயது வரை, இருபது ஆண்டுகளில், 9,600 டொலர். ஏறத்தாழ ஓராண்டின் உச்சவரம்புக்கு ஈடான தொகை இது. இதனை வங்கியில் இட்டிருந்தால் புற்றுநோய்க்கு மட்டுமன்றி, மாரடைப்புக்கும் கால்முறிவுக்கும் உதவும். நோயே வராவிடின் அவருக்கே மிஞ்சும்.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே நோய் வந்துவிட்டால், வங்கியில் இருப்பது 1,440 டொலரும் அதற்குரிய வட்டியுமே. காப்புறுதிப் பத்திரம் 20,000 டொலருக்கு எழுதப்பட்டிருந்தால் அத்தொகை முழுவதும் கைக்கு வந்திருக்கும். சேமிப்பு வளரக் காலம் வேண்டும். நோயோ அதுவரை காத்திருப்பதில்லை. ஆகவே கையில் சேமிப்பு உள்ள குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் ஒரே விடை பொருந்தாது.

வைத்தியச் செலவு ஒருபுறமிருக்க, வேதன இழப்பு மறுபுறம் வாட்டும். 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள ஊழியர்க்குப் பன்னிரண்டு வாரம் விடுமுறை அளிக்கின்றது. அக்காலத்தில் வேலை பாதுகாக்கப்படும். சம்பளம் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்விழப்பை ஈடுசெய்ய, உழைக்க இயலாக் காலத்தில் வருவாய் தரும் காப்புறுதி தனியே உண்டு. எந்நோயால் உழைப்புத் தடைப்பட்டாலும் அது பெரும்பாலும் உதவும். ஐக்கிய அமெரிக்காவில் மரணத்துக்கு முதற்காரணம் இதயநோய் என்பதை நினைக்கையில், ஒரு நோயின் பெயருக்குள் அடங்கிவிடாத காப்புறுதியின் சிறப்பு விளங்கும்.

முதியோர் நிலை சற்று வேறுபட்டது. மெடிக்கேரின் மூலத் திட்டத்தில், வெளிநோயாளராகப் பெறும் சிகிச்சையின் செலவில் பொதுவாக 20 வீதத்தை நோயாளரே கொடுக்கவேண்டும்; அதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவிலேயே நடைபெறுவதால் இது சிறிய செலவன்று. எனினும் இக்குறையை நிரப்புவதற்கு 'மெடிகப்' என்னும் துணைக் காப்புறுதி உண்டு. அறுபத்தைந்து வயதை அடைந்து மெடிக்கேரின் இரண்டாம் பகுதியாகிய வைத்தியர் கட்டணப் பகுதியில் சேர்ந்தபின், முதல் ஆறு மாதங்களுக்குள் கேட்பவருக்கு, முன்னுள்ள நோயைக் காரணங்காட்டி அதனை மறுக்க முடியாது. அத்தவணையைத் தவறவிடாதவர்களுக்குப் புற்றுநோய்க் காப்புறுதியின் தேவை பெரிதும் குறையும்.

வாங்குவதென்று தீர்மானிப்போர் பத்திரத்தின் சிறிய எழுத்துக்களையும் வாசித்தல் வேண்டும். வாங்கிய முதல் முப்பது நாட்களுக்குள் நோய் கண்டால் முழுப்பணமும் கிடையாது என்னும் நிபந்தனை பலவற்றில் உண்டு. முன்னரே புற்றுநோய் வந்தவர்களைக் கம்பனிகள் மறுக்கலாம். சாதாரண தோற்புற்றுநோய் பெரும்பாலும் விலக்கப்படும். பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோய்க்குத் தொகை குறைக்கப்படலாம். சிகிச்சையால் உடல் தளர்ந்து நிமோனியாக் காய்ச்சல் வந்தால், அது புற்றுநோயன்று என்று கைவிரிக்கும் பத்திரங்களும் உள. இவற்றை முகவரிடம் வாய்மொழியாகக் கேட்பது போதாது. பத்திரத்திலேயே காணல் வேண்டும்.

மேற்கூறிய சாரதி செய்யத்தக்கது இதுவே. முதலில் குடும்பத்தின் வைத்தியக் காப்புறுதியைக் குறைவற வைத்துக்கொள்ளவேண்டும். அதைக் குறைத்து இதை வாங்குதல் தகாது. அடுத்து, வருவாய் இழப்புக்கான காப்புறுதி வேலைத்தலத்தில் கிடைக்குமா என விசாரிக்கவேண்டும். ஈராண்டு உச்சவரம்பைத் தாங்கும் சேமிப்பு இருந்தால் புற்றுநோய்க் காப்புறுதியை விட்டுவிடலாம். சேமிப்பு இல்லையாயின், ஒரே முறையில் பணந்தரும் சிறிய பத்திரமொன்றை வாங்கி, கூடவே சேமித்து, சேமிப்பு நிறைந்தபின் அதனை நிறுத்திவிடலாம்.

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்டதும் நெஞ்சம் நடுங்குதல் இயல்பு. முகவர் எதிரே அமர்ந்திருக்கையில் அந்நடுக்கம் ஒப்பமிடத் தூண்டும். கணவனும் மனைவியும் இரண்டு பத்திரங்களையும் வீட்டில் விரித்துவைத்து, உள்ள காப்புறுதி எங்கே நிற்கின்றது, புதியது எங்கே தொடங்குகின்றது என்று கணக்கிட்டபின் ஒப்பமிடுவதே, அல்லது வேண்டாமென்று சொல்வதே, குடும்பத்துக்கு நன்மை தரும்.