தந்திக்குப் பணியாத தளபதி



போர்த்துகீசியத் தளபதி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அல்புகெர்க்கே. 1510-இல் கோவாவைப் பிடித்தவர். பிடித்தவரைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். 451 ஆண்டுகள் கழித்து அந்தக் கோவாவை இந்தியாவிடம் ஒப்படைத்தவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? மானுவல் அந்தோனியோ வஸ்ஸாலு இ சில்வா. அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1899-இல் போர்த்துகலில் தோரெஸ் நோவாஸ் என்ற ஊரில் பிறந்தார். இராணுவத்தில் பொறியாளர். 1958-இல் கோவா, டாமன், டையூ பகுதிகளுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நம் விடுதலையின் தோழர் அல்லர். போர்த்துகலின் சர்வாதிகாரி சலாசார் அனுப்பிவைத்த அதிகாரி. அவர் ஆளுநராக இருந்த காலத்திலும் கோவாவின் விடுதலை வீரர்கள் அகுவாதா கோட்டைச் சிறையில் வாடினார்கள். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது. அவருடைய அக்காள் மரியா லாமாஸ் பெயர்பெற்ற எழுத்தாளர். அந்தச் சலாசாரை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். அக்காள் கண்டது சிறைக்கூடம், தம்பி கண்டது ஆளுநர் மாளிகை. அப்படியும் ஒரு குடும்பம்!

இனி 1961 டிசம்பருக்கு வருவோம். எல்லையில் இந்தியப் படை திரண்டுவிட்டது. சில்வாவிடம் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் வீரர்கள். ஒரு போர் விமானம்கூடக் கிடையாது. டிசம்பர் 14 அன்று லிஸ்பனிலிருந்து சலாசாரின் தந்தி வருகிறது. எட்டு நாளாவது தாக்குப்பிடிக்க வேண்டுமாம். சமாதானம் கூடாது, ஒருவரும் கைதியாகக் கூடாது. வெல்ல வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். சொன்னவர் இருந்ததோ ஆயிரக்கணக்கான மைல் தொலைவில்! சாக வேண்டியவர்களில் பலர் மீசை அரும்பும் வயதுப் பிள்ளைகள், நண்பர்களே.

டிசம்பர் 18 விடிந்தது. தபோலிம் விமானத்தளத்தில் குண்டு விழுந்தது. பம்போலிம் வானொலி நிலையம் நொறுங்கியது. பின்வாங்கிய போர்த்துகீசியர் பாலங்களைத் தகர்த்தார்கள். துறைமுகத்தில் ஒரே ஒரு போர்க்கப்பல் நின்று போரிட்டு, அடிபட்டுக் கரைதட்டியது. அந்தக் கப்பலின் பெயர் அபோன்சோ தெ அல்புகெர்க்கே. 1510-இல் தொடங்கிய ஆட்சி, தொடங்கிவைத்தவரின் பெயரோடே தரைதட்டிற்று.

மறுநாள் இரவு, வாஸ்கோ ட காமா நகரில், கார் விளக்கு வெளிச்சத்தில் சில்வா சரணடைந்தார். இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர் ஐம்பது பேர் அளவில். தந்தியின்படி நடந்திருந்தால்? அந்த மூவாயிரம் பேரோடு, நம் வீரர்களும் கோவாவின் பொதுமக்களும் எத்தனை பேர் மாண்டிருப்பார்கள்? பழைய கோவாவின் தேவாலயங்களும் பணஜியின் அடில்ஷா அரண்மனையும் இன்று நின்றிருக்குமா? முத்துக்குளித்துறையில் நம் பரதவர் நடுவே வாழ்ந்த சவேரியாரின் உடல் இருக்கும் தேவாலயமும் பழைய கோவாவில்தான் இருக்கிறது.

சிறைப்பட்ட வீரர்கள் 1962 மே மாதம் உயிரோடு ஊர் திரும்பினார்கள். தாய்நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தது அவமதிப்பு. 1963-இல் சில்வாவை இராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். எதிரியைத் தாக்கும் வீரத்துக்குப் பதக்கம் உண்டு. தன் பிள்ளைகளை வீணாகச் சாகவிட மாட்டேன் என்று மேலிடத்தையே மறுக்கும் வீரத்துக்குப் பதவி பறிப்பு! இந்த இரண்டாவது வீரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1974-இல் லிஸ்பனில் இராணுவத்தினரே புரட்சி செய்து சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். அதன் பிறகே சில்வாவுக்குப் பழைய தகுதி திரும்பக் கிடைத்தது. 1980-இல், எண்பது வயதில், அவர் மீண்டும் கோவாவுக்கு வந்தார். தங்களை அடக்கி ஆண்ட அரசின் கடைசி ஆளுநர் என்பது தெரிந்தும் கோவா மக்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அந்த மக்களுக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம்.